நோட்டுப்புத்தகத்தில் சுருங்கிய எழுத்து: இதயத்தின் எரிபொருளை மாற்றும் மருந்தும் ஒரு நோயாளியும்

71 வயது ஆண். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், 11 ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் அறுவை சிகிச்சை. எங்களிடம் வந்தபோது கையில் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நெஞ்சு அழுத்தியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே அடித்தாரா, எத்தனை நிமிடத்தில் வலி அடங்கியது என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதிவைத்திருந்தார். இந்த நோயாளியின் கதையில் வந்த இரண்டு திருப்பங்களும் அந்த நோட்டில்தான் இருந்தன. ஒன்றை நாங்கள் பார்த்தோம். இன்னொன்று மாதக்கணக்கில் கண்ணெதிரே இருந்தும் எங்கள் கண்ணில் படவில்லை.

(நோயாளி யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வந்தபோது இருந்த நிலை

சமதரையில் 150 அடி நடந்தாலே நெஞ்சின் நடுவில் கல்லை வைத்தது போன்ற அழுத்தம். நின்றால் மூன்று நான்கு நிமிடத்தில் போய்விடும். குளித்து முடித்துத் துவட்டும்போதும் வரும். வாரத்துக்கு 9 அல்லது 10 முறை ஸ்ப்ரே. ஓய்வில் இருக்கும்போது வலி இல்லை. டிரோபோனின் உயரவில்லை, அதாவது புதிய மாரடைப்பு இல்லை.

ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின், பிசோப்ரோலால் 5 மி.கி., ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 30 மி.கி., ரமிப்ரில், மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 54. ரத்த அழுத்தம் 102/64. எக்கோவில் இதயத்தின் வெளியேற்றத் திறன் 42 சதவீதம்.

ஆஞ்சியோ செய்தோம். மார்புத் தமனியிலிருந்து போட்ட இணைப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காலிலிருந்து எடுத்த சிரைகளைக் கொண்டு போட்ட இரண்டு இணைப்புகளும் அடைத்துப் போயிருந்தன. அவருடைய சொந்தத் தமனிகளோ பக்கவாட்டிலும் அடிப்பகுதியிலும் நெடுக மெலிந்து, நூல் போல இருந்தன. ஸ்டென்ட் வைக்க இடமில்லை. மறுபடி பைபாஸ் செய்யலாமென்றால் இணைப்பைக் கொண்டுபோய்த் தைக்க ஒரு நல்ல இடம் வேண்டுமே, அதுவும் இல்லை.

ஸ்ட்ரெஸ் எக்கோ ஒரு நல்ல செய்தி சொன்னது. ஓய்வில் ஓரளவு சுருங்கி விரிந்த பக்கவாட்டுச் சுவர், இதயத்தின் வேகம் கூடியதும் மந்தமானது. வேகம் தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தத் தசை சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. இதயம் எரிக்கும் எரிபொருளை மாற்றும் வளர்சிதை மாற்ற மருந்துகளுக்கு வேலை இருக்கும் இடம் இதுதான். தழும்பாகிப்போன தசைக்கு எந்த எரிபொருளைக் கொடுத்தும் பயனில்லை.

வழக்கமான வழிகள் ஏன் முடிந்துபோயின

ஆஞ்சைனாவுக்கு, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கு, நாம் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. இதயத்தின் தேவையைக் குறைக்கும், அல்லது ரத்த வரத்தைக் கூட்டும். பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் துடிப்பைக் குறைக்கிறது. இவருக்கு ஏற்கெனவே 54, அதற்குக் கீழே தள்ள விருப்பமில்லை. துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஐவாப்ரடினும் அதே காரணத்தால் கழிந்தது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் 2.5 மி.கி. கொடுத்துப் பார்த்தோம். எழுந்து நின்றால் அழுத்தம் 88க்கு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். நைட்ரேட்டை இரட்டிப்பாக்கியதில் தலைவலிதான் மிச்சம்.

தேவையைக் குறைக்கவும் முடியவில்லை, வரத்தைக் கூட்டவும் முடியவில்லை. அப்புறம் மீதி இருப்பது ஒரே ஒரு கேள்வி. வந்து சேரும் கொஞ்ச ஆக்சிஜனை வைத்து அதிக வேலை வாங்க முடியுமா?

இதயம் எதை எரிக்கிறது

இதை விரிவாகவே சொல்கிறேன். இந்த மருந்துகளின் பலமும் எல்லையும் இங்கேதான் இருக்கின்றன.

இதயம் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) சுமார் 6 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் சொந்த எடையைப் போலப் பல மடங்கு. ஆனால் எந்த நொடியிலும் கையிருப்பில் இருப்பது சில விநாடிகளுக்குத்தான் போதும். அன்றாடம் சம்பாதித்து அன்றே சாப்பிடும் குடும்பம் மாதிரி. அதோடு, மற்ற உறுப்புகள் தேவை கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளலாம். இதயமோ ஓய்விலேயே தன்னிடம் வரும் ஆக்சிஜனில் 70 முதல் 75 சதவீதம் வரை எடுத்துவிடுகிறது. மேலும் வேண்டுமென்றால் ரத்த ஓட்டம் கூடியாக வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அது நடக்காது.

நல்ல நிலையில் இருக்கும் இதயம் தன் ஆற்றலில் 60 சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு அமிலங்களை எரித்துப் பெறுகிறது. மிச்சம் பெரும்பாலும் குளுக்கோஸும் லாக்டேட்டும். கொழுப்பு அமிலத்தில் ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் ஆற்றல் அதிகம், ஆனால் அதை எரிக்க ஆக்சிஜனும் அதிகம் வேண்டும். பால்மிடிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை, குளுக்கோஸுக்கு 6 போதும். கிடைக்கும் ஏடிபியை ஆக்சிஜனால் வகுத்துப் பார்த்தால் குளுக்கோஸ் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் முந்துகிறது. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது யாரும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கப்போவதில்லை. விளிம்பில் நிற்கும் தசைக்கு அது பெரிய தொகை.

ரத்த ஓட்டம் குறையும்போது இதயம் புத்திசாலித்தனமாகக் குளுக்கோஸுக்கு மாறிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. வலி, பயம், அட்ரினலின் எல்லாம் சேர்ந்து உடற்கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கொட்டுகின்றன. இதயம் வந்ததை எரிக்கிறது. கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருட்கள், குளுக்கோஸைக் கடைசிவரை எரிப்பதற்கான வாசலான பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் நொதியை அடைத்துவிடுகின்றன. கொழுப்பும் குளுக்கோஸும் இப்படி ஒன்றையொன்று தள்ளிவிடுவதை 1963இல் பிலிப் ராண்டில் குழுவினர் விளக்கினார்கள். சர்க்கரை நோயாளியின் இதயம் முன்பே கொழுப்பின் பக்கம் சாய்ந்திருக்கும், ஆகவே இவரைப் போன்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

வாசல் அடைபட்டாலும் குளுக்கோஸ் பாதி வழி வரை உடைகிறது. அந்தப் பாதி வழிக்கு ஆக்சிஜன் வேண்டாம். அங்கே தேங்கி நின்று லாக்டேட்டாகிறது, கூடவே செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. செல் அந்த அமிலத்தை வெளியே தள்ளிவிட்டு அதற்கு மாற்றாகச் சோடியத்தை உள்ளே விடுகிறது. சோடியத்தை வெளியேற்ற ஏடிபி வேண்டும், அதுதான் பற்றாக்குறை. ஆக, சோடியம்–கால்சியம் மாற்றி தலைகீழாக ஓடிக் கால்சியத்தை உள்ளே கொண்டுவருகிறது. கால்சியம் மிகுந்த தசையால் முழுமையாகத் தளர முடியாது. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. தளராத தசை தன்னுள் ஓடும் சிறு குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. பற்றாக்குறையே பற்றாக்குறையை வளர்க்கிறது.

இவ்வளவும் நடந்த பிறகுதான் ஈசிஜி மாறும். வலி எல்லாவற்றுக்கும் கடைசி. நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது செல்லுக்குள் கணக்கு வழக்கு எப்போதோ தவறியிருக்கும்.

மருந்தைத் தேர்ந்தெடுத்தது

ட்ரைமெட்டாசிடின் இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் கை வைக்கிறது. கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக வெட்டும் வேலையின் கடைசிப் படியில் இருக்கும் நீள்சங்கிலி 3-கீட்டோஅசைல் கோஏ தையோலேஸ் நொதியை அது பகுதியாகத் தடுக்கிறது என்று 2000இல் கனடாவைச் சேர்ந்த காரி லோபாஷுக் குழு காட்டியது. மூன்று ஆண்டுகளில் இன்னொரு குழு அதை மறுத்து எழுதியது, லோபாஷுக் பதில் எழுதினார். நொதி எது என்ற வழக்கு அப்படியிருக்க, விளைவு இதுதான். கொழுப்பு எரிவது கொஞ்சம் குறைகிறது, குளுக்கோஸுக்கு வாசல் திறக்கிறது, அமிலம் தேங்குவது குறைகிறது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அசைவதில்லை. எங்கள் நோயாளிக்கு வேண்டியது துல்லியமாக அதுதான்.

இந்த யோசனை புதிதல்ல. 1962இலேயே மெக்சிகோவின் சோடி-பயாரேஸ், மாரடைப்பு நோயாளிகளுக்குக் குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து சிரைவழியாக ஏற்றிப் பார்த்தார். நாற்பது ஆண்டுக்கால நம்பிக்கைக்குப் பிறகு, 2005இல் 20,201 பேரிடம் நடந்த கிரியேட்-எக்லா ஆய்வில் அந்தக் கலவை இறப்பைக் குறைக்கவில்லை. பெர்ஹெக்சிலின் என்ற பழைய மருந்து கொழுப்பு அமிலம் செல்லின் எரிசக்திக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் கதவையே சாத்தியது. நன்றாக வேலையும் செய்தது. ஆனால் சிலருடைய உடல் அதை மரபு காரணமாக மிக மெதுவாகச் சிதைக்கும், அவர்களுக்கு ஈரலும் நரம்பும் கெட்டன. பல நாடுகளில் அது போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டார்கள். பெர்ஹெக்சிலின் கதையை நான் இன்னும் கவனமாகப் படித்திருக்க வேண்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"இந்த மாத்திரை என் ஆயுளைக் கூட்டுமா டாக்டர்?" என்று ட்ரைமெட்டாசிடினைப் பற்றி எங்கள் நோயாளி கேட்டார். கணித ஆசிரியர், சுற்றி வளைத்தால் பிடிக்காது.

"கூட்டும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை சார். வலி குறைந்து இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம். அதுதான் எதிர்பார்ப்பு" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2000இல் வெளியான எமிப்-எஃப்ஆர் ஆய்வில் 19,725 மாரடைப்பு நோயாளிகளில் ஒரு பாதிக்கு இந்த மருந்தைச் சிரைவழி 48 மணி நேரம் ஏற்றினார்கள், மொத்தத்தில் இறப்பு குறையவில்லை. 2020இல் வெளியான ஏடிபிசிஐ ஆய்வில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 6,007 பேரைச் சுமார் நான்கு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து மருந்தே வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடைப்பை நீக்கி ரத்தம் தடையில்லாமல் ஓடும் இதயத்தில் சிக்கன மருந்துக்கு என்ன வேலை? 2001இல் வந்த ட்ரிம்பால் 2 போன்ற சிறிய ஆய்வுகளில், பீட்டா பிளாக்கர் எடுத்தும் வலி நிற்காதவர்களுக்கு இதைச் சேர்த்தபோது உடற்பயிற்சி நேரம் கூடியது, வலி குறைந்தது. எங்கள் நோயாளி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

35 மி.கி. நீடித்து வெளியாகும் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அன்று ரத்தத்தில் 1.2. தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், இயல்பை மீறியது என்று காட்டும் எந்த நட்சத்திரக் குறியும் இல்லை. நானும் தாண்டிப் போய்விட்டேன்.

முதல் ஆறு வாரம்

நோட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும், மாற்றம் தெரிந்தது. வாரத்துக்கு 9, 10 என்றிருந்த ஸ்ப்ரே 6 ஆனது, பிறகு 3. டிரெட்மில்லில் வலி தொடங்கும் நேரம் 3 நிமிடம் 40 விநாடியிலிருந்து 5 நிமிடம் 5 விநாடியாகத் தள்ளிப்போனது. அப்போது நாடியும் அழுத்தமும் முன்பிருந்ததைவிடக் குறைவாக இல்லை. அதே சுமையை அதே இதயம் கூடுதல் நேரம் தாங்கியது. குளியல் வலி நின்றுவிட்டது.

நடுவில் ஒருநாள் பேரன் செய்தியில் படித்ததைச் சொல்லிச் சிரித்தார். "ஓட்டப்பந்தயத்தில் சேரப்போகிறேன், என்னைப் பிடித்துவிடுவார்களா?" உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தடைசெய்த பட்டியலில் ட்ரைமெட்டாசிடின் இருக்கிறது. சீன நீச்சல் வீரர் சுன் யாங் 2014இல் மூன்று மாதத் தடை பெற்றது இதனால்தான். ரஷ்யப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவுக்கு 2021 டிசம்பரில் எடுத்த மாதிரியில் இதுவே கிடைத்தது, 2024 ஜனவரியில் நான்கு ஆண்டுத் தடை வந்தது. எங்கள் அறையில் அன்று எல்லோரும் சிரித்தோம். அன்றே அந்த நோட்டை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்.

எட்டாவது மாதம்

மகள் கூட வந்திருந்தார். "அப்பாவுக்கு நெஞ்சுவலி பரவாயில்லை. ஆனா நடை மாறிட்டுது டாக்டர். காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கறார். கூப்பிட்டா திரும்பறதுக்கு நேரமாகுது" என்றார். வயதாகிறது, பீட்டா பிளாக்கர் சோர்வு, சர்க்கரையால் கால் நரம்பு பாதிப்பு என்று என் மனம் வரிசையாகச் சாக்குகளை அடுக்கியது. நாற்காலியிலிருந்து எழ மூன்று முறை முயன்றார். முகத்தில் அசைவு குறைந்திருந்தது. மணிக்கட்டை மடக்கினால் பல்சக்கரம் போலத் தடங்கித் தடங்கி வந்தது, இரண்டு கையிலும். வலக்கையில் ஓய்வு நடுக்கம் லேசாக. எல்லாம் பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகள்.

மகள் மேசையில் நோட்டை வைத்தார். முதல் பக்கங்களில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே நிறைந்து நின்ற எழுத்து. நான்காவது மாதத்தில் கொஞ்சம் சிறியது. ஏழாவது மாதத்தில் கடுகுபோல, வரியின் முடிவில் இன்னும் நுணுகி. எழுத்து இப்படிச் சுருங்குவதும் அதே வகை அறிகுறிதான். ஒவ்வொரு முறையும் நாங்கள் எண்களை மட்டும் படித்துவிட்டு நோட்டை மூடியிருக்கிறோம்.

ட்ரைமெட்டாசிடினின் மூலக்கூறில் ஒரு பைப்பரசின் வளையம் உண்டு. பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளைத் தரக்கூடிய சின்னரிசினிலும் ஃப்ளூனரிசினிலும் இருக்கும் அதே வளையம். 2012இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை இந்த மருந்தை மறுபரிசீலனை செய்தபோது, காதிரைச்சல், தலைச்சுற்று போன்றவற்றுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. பார்க்கின்சன் நோயோ நடுக்கமோ உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் கடுமையாகக் கெட்டவர்களுக்கும் தரவே கூடாது என்றது. கிரியேட்டினின் வெளியேற்றம், அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம், நிமிடத்துக்கு 30 முதல் 60 மி.லி. வரை உள்ளவர்களுக்குக் காலையில் ஒரே ஒரு 35 மி.கி. மாத்திரை.

காரணம் எளிது. இந்த மருந்து பெருமளவு உருமாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. இளைஞர்களுக்கு அரை ஆயுள் சுமார் 7 மணி நேரம், 65 தாண்டியவர்களுக்குச் சுமார் 12.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 140இலிருந்து வயது 71ஐக் கழித்தால் 69. எடை 58 கிலோ. பெருக்கி, கிரியேட்டினின் 1.2ஐ 72ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் 46. மருந்து தொடங்கிய நாளன்றே 46! குறியில்லாத அந்த 1.2க்குள் இது ஒளிந்திருந்தது. ஒல்லியான முதியவருக்குத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவாகத் தெரியும். முதல் நாளிலிருந்தே நாங்கள் கொடுத்தது இரட்டிப்பு அளவு. அதற்குமேல், ஐந்தாவது மாதத்தில் கால் வீக்கத்துக்காக வேறொரு மருத்துவர் நீர் மாத்திரை சேர்த்திருந்தார். ரமிப்ரிலும் டாபாக்ளிஃப்ளோசினும் ஏற்கெனவே இருந்த உடல் அதில் வறண்டது. இப்போது கிரியேட்டினின் 1.7. வயது 72, எடை 57 என்று போட்டால் வெளியேற்றம் 32.

பெர்ஹெக்சிலின் மருந்தைக் கெடுத்தது ஈரலில் நின்றுபோன வெளியேற்றம், இங்கே சிறுநீரகத்தில் நின்றது. மருந்து வேறு, தவறு ஒன்றுதான்.

நிறுத்திய பிறகு

ட்ரைமெட்டாசிடினை அன்றே நிறுத்தினோம். நீர் மாத்திரையையும் நிறுத்தினோம். குமட்டலுக்கான மாத்திரை, தலைச்சுற்று மாத்திரை என்று உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் வேறெதுவும் வீட்டில் இல்லை என்று மகள் டப்பாவைக் கொட்டிக் காட்டினார். நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா இப்போது வேண்டாம், காத்திருப்போம் என்றார். விறைப்பு இரண்டு பக்கமும் வந்ததும் மருந்தின் காலக்கணக்கும் ஒத்துப்போயின. நிறுத்திய நான்கு மாதத்துக்குள் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் போய்விடும், போகாவிட்டால் உள்ளே உண்மையான பார்க்கின்சன் நோய் மறைந்திருந்ததா என்று தேட வேண்டும்.

மூன்றாம் வாரத்திலேயே வலி திரும்பிவிட்டது. ஸ்ப்ரே மீண்டும் வாரத்துக்கு 8. மனத்துக்குக் கஷ்டமாக இருந்தாலும், மருந்து உண்மையிலேயே வேலை செய்திருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

கிரியேட்டினின் 1.4க்கு இறங்கி வெளியேற்றம் 38 ஆனதும் ரனோலசின் பற்றி யோசித்தோம். இதையும் முதலில் கொழுப்பு எரிப்பைத் தடுக்கும் மருந்து என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். நோயாளிக்குக் கொடுக்கும் அளவில் அது அதைப் பெரிதாகச் செய்வதில்லை என்பது பிறகு தெரிந்தது. இதயச் செல்லின் சோடியம் வாயில்கள் ஒரு கணம் திறந்து மூடிவிட வேண்டும். ரத்தம் குறைந்த தசையில் சில வாயில்கள் சரியாக மூடாமல் கசியும். ரனோலசின் அந்தக் கசிவை அடைக்கிறது. முன்பு சொன்ன சங்கிலியில் ட்ரைமெட்டாசிடின் முதல் கண்ணியைப் பிடிக்கிறது என்றால் இது நடுக் கண்ணியைப் பிடிக்கிறது. சோடியம் தேங்காவிட்டால் கால்சியம் தேங்காது, தசை தளரும். 2007இல் வந்த மெர்லின் ஆய்வில் 6,560 பேரிடம் முதன்மை இலக்கை இது எட்டவில்லை, ஆனால் வலி திரும்ப வருவது குறைந்தது. அதே பழைய கதை.

இந்த முறை கணக்கு முதலில். வெளியேற்றம் 30க்குக் கீழே போனால் கொடுக்க மாட்டோம் என்று கோப்பின் முகப்பிலேயே எழுதினோம். டில்டியாசெம், வெராப்பமில், கிளாரித்ரோமைசின் போன்றவை ரனோலசினைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தடுப்பவை, எதுவும் அவரிடம் இல்லை. ரனோலசின் ஈசிஜியில் திருத்திய க்யூடி இடைவெளியை நீட்டக்கூடும், மிக நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்; இவருக்கு அது 434 மில்லிவிநாடி. 375 மி.கி. இரண்டு வேளை, அதற்குமேல் ஏற்றவில்லை. இரண்டு வாரம் கழித்து 448. மலச்சிக்கல் வந்தது, சமாளித்துக்கொண்டார்.

நிறுத்திய பதினான்காம் வாரம் மறுபடி வந்தார். நாற்காலியிலிருந்து ஒரே மூச்சில் எழுந்தார், மணிக்கட்டில் தடங்கல் இல்லை. ஸ்ப்ரே அந்த வாரம் 4, ட்ரைமெட்டாசிடின் காலத்து 3 அளவுக்கு இல்லை. 300 அடி நடக்கிறார், பிறகு நிற்கிறார். நோட்டை நானே கேட்டு வாங்கி, எண்களைப் படிக்கும் முன் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் எழுத்து மறுபடியும் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே நிறைந்திருந்தது. ஓரத்தில் 140, 72, 57, 1.4 என்று எழுதி வகுத்துப் பார்த்திருந்தார். விடை 38, அடியில் இரண்டு கோடு.